தண்ணீர் மாற்ற மாற்றக் கூடிய பாசி

எங்கள் வீடு வட்டக்கச்சியில். முன் விறாந்தையில் தையல் மெசின், அதற்குப் பக்கத்தில் யன்னல், யன்னலுக்கு நேரே மகனின் மீன்தொட்டி. 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். 9 வயதுப் பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கியது. ஆறு கப்பி, நாலு மொலி. ஊசியில் நூல் கோக்க நல்ல வெளிச்சம் விழுகிற இடமென்று மெசினுக்கு நான் பிடித்த மூலை அது. அந்த வெளிச்சத்தில் மீனும் வடிவாகத் தெரிந்தது. மூன்றாம் கிழமை தண்ணீர் இலைக்கஞ்சி நிறத்துக்கு வந்துவிட்டது.

கேட்டவர்கள் எல்லாரும் ஒரே மருந்துதான் சொன்னார்கள்: தண்ணியை மாத்து. மாற்றினேன். கிழமைக்கு இரண்டு தரம், அரைவாசிக்கு மேல், கிணற்றில் அள்ளி அள்ளி ஊற்றினேன். பாசி கூடியது. பச்சைத் தண்ணீர் ஒருமாதிரித் தெளிய, செடிகளில் நூல்பாசி இழுபட்டது. அதைப் பிடுங்க, கண்ணாடியில் பச்சைப் புள்ளி விழுந்தது. காரணம் விளங்க எனக்கு எட்டு மாதம் எடுத்தது. கிணற்றுத் தண்ணீரில் மீன் வளர்க்கிற வன்னி வீடுகளில் வேறு யாரும் அந்த எட்டு மாதத்தைச் செலவழிக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எதையும் ஊற்றுவதற்கு முன் தொட்டிக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்து, வந்திருப்பது எந்தப் பாசி என்று பாருங்கள். உங்கள் விரலும் மூக்கும், ஒரு வெள்ளைக் கோப்பை, ஒரு ரோச் லைட், ஒரு ஈர்க்கு. இவ்வளவும் போதும்.

தண்ணீரே பச்சையாக இருந்தால் கோப்பையில் அள்ளிப் பாருங்கள். கோப்பையிலும் பச்சை தெரிந்தால் அது தண்ணீரில் மிதக்கிற, கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத ஒருகலப் பாசி. பால் கலந்தது போல வெளிறி இருந்தால் அது பாசியே இல்லை, பக்டீரியா; தீனியைக் குறைத்தால் சில நாளில் தானாகத் தெளியும். தேத்தண்ணி நிறத்தில், ஆனால் தெளிவாக இருந்தால் உள்ளே போட்ட மரக்கட்டையின் சாயம். பச்சைத் தண்ணீர் பகலில் மீனுக்குப் பெரிய தீங்கு செய்வதில்லை. இருட்டினால் அந்தப் பாசியும் மீனைப் போலவே ஒட்சிசனை எடுக்கத் தொடங்கும். விடியப்புறம் எழும்பிப் பாருங்கள். மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், காற்று மோட்டரை இரவிலும் விட வேண்டும்.

கண்ணாடியிலும் சரளைக் கல்லிலும் பழுப்பு நிறத் தூள், விரலால் தேய்த்தால் மா மாதிரி வந்துவிடுகிறது என்றால் அது டயட்டம். புதுத் தொட்டிகளில் முதல் ஒன்றிரண்டு மாதம் வரும். தண்ணீரிலும் மணலிலும் உள்ள சிலிக்காவை எடுத்துத் தன் ஓட்டைக் கட்டிக்கொள்கிற பாசி அது. துடைத்துவிட்டுக் காத்திருங்கள், போய்விடும்.

கண்ணாடியில் வட்ட வட்டமாக, கடும் பச்சையாக, நகத்தால் சுரண்டினாலும் வராத புள்ளிகள் புள்ளிப்பாசி. வெளிச்சம் கூடிப்போனதற்கு அது நல்ல அடையாளம். பழைய சவர அலகால் கண்ணாடியோடு படுக்கப் பிடித்துச் சுரண்டினால் வரும். பிளாஸ்டிக் தொட்டி என்றால் அலகு கீறிவிடும், பழைய போன் கார்ட் ஒன்றை எடுங்கள்.

நூல்பாசியை நான் தையற்காரி என்றபடியால் உடனே அடையாளம் கண்டேன். செடி இலைகளின் ஓரத்தில், வெட்டாமல் விட்ட நூல் முனைகள் போலப் பச்சையாகத் தொங்கும். ஒரு ஈர்க்கை அதற்குள் விட்டுச் சுழற்றினால் நூல்கட்டையில் சுற்றுவதைப் போலச் சுற்றிக்கொண்டு முழுதாக வரும். பிய்த்து இழுக்காதீர்கள். அறுந்து மிதக்கிற துண்டு ஒவ்வொன்றும் வேறு இடத்தில் பிடித்து வளரும்.

கருந்தாடிப் பாசி வேறு சாதி. வடிகட்டியின் வாயிலும், மெதுவாக வளருகிற இலைகளின் விளிம்பிலும் கறுப்புத் தூரிகைக் குஞ்சம் போலக் கட்டையாக நிற்கும். இழுத்தாலும் வராது. பார்க்கக் கறுப்பு, ஆனால் இது சிவப்புப் பாசி இனத்தைச் சேர்ந்தது. சந்தேகம் என்றால் ஒரு குஞ்சத்தைப் பிய்த்து அறுவைச் சிகிச்சை ஸ்பிரிட்டில் போட்டு வையுங்கள். பச்சை சாயம் கழன்று அது சிவந்து வரும்.

கடைசியாக, நான் கூடப் பயந்தது: நீலப்பச்சைப் பாசி. பெயர்தான் பாசி, உண்மையில் சயனோபக்டீரியா என்கிற பக்டீரியாக் கூட்டம். சரளையும் கண்ணாடியும் சேருகிற கோட்டில் தொடங்கி, கல்லுக்கு மேல் மெல்லிய லைனிங் துணி விரித்த மாதிரிப் படர்ந்தது. அடியில் சின்னச் சின்னக் காற்றுக் குமிழிகள் பிடிபட்டு நின்றன. ஓரத்தில் பிடித்துத் தூக்கினால் வழுவழு என்று தாளாக உரிந்தது. மணந்து பார்த்தேன். குளம் வற்றுகிற காலத்தில் கரையில் நின்றால் வருகிற சேற்று மணம். அந்த மணமும் அந்த வழுவழுப்பும் சேர்ந்து இருந்தால் இனிச் சந்தேகமே வேண்டாம். தண்ணீர் ஓட்டம் போகாத மூலையில், மிஞ்சிய தீனி அழுகுகிற இடத்தில்தான் இது தொடங்கும். இதில் சில வகை நஞ்சு சுரக்கும், ஆகையால் கை வைத்தபின் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கையில் புண் இருந்தால் தொட வேண்டாம்.

இனி அந்த எட்டு மாதக் கதை.

காலபோக விதைப்பு முடிந்து அப்பா ஒருநாள் வீட்டுக்கு வந்தார். தொட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பிள்ளை, இந்தத் தண்ணி எங்கத்தையான்?"

"எங்கட கிணறுதான் அப்பா."

"கிணத்தைச் சுத்தி என்ன நிக்குது?"

மிளகாயும் கத்தரியும் நின்றன. பக்கத்துக் காணி முழுக்க வயல்.

"அடிக்கட்டுப் பசளை போட்டுத் தண்ணி கட்டினால் வயலில என்ன வரும்? முதல் பாசிதானே வாறது. தோட்டத்துக்குப் போட்ட யூரியா நீ அள்ளுற கிணத்துக்கு வராதெண்டு நினைச்சியோ?"

யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். பயிர் எடுத்தது போக மிச்சம் மண்ணில் நைட்ரேட்டாக மாறி, தண்ணீரோடு கீழே இறங்கும். நைட்ரேட் மண்ணில் ஒட்டி நிற்காது. கொழும்புக்குப் போன மச்சாளிடம் சொல்லி, தண்ணீர் சோதிக்கிற பட்டித் தாள் ஒரு போத்தல் எடுப்பித்தேன். தண்ணீரில் ஒரு வினாடி தோய்த்து எடுத்து, ஒரு நிமிடம் கழித்து நிறத்தைப் போத்தலில் உள்ள நிறங்களோடு ஒப்பிட வேண்டும். கிணற்றுத் தண்ணீர் லீட்டருக்கு 50 மில்லிகிராம் நிறத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. பாசிக்குச் சாப்பாட்டை நானே வாளி வாளியாக அள்ளி ஊற்றியிருக்கிறேன்.

இந்த இடத்தில் மீனை விட்டு ஒரு விசயம். குடிதண்ணீரில் நைட்ரேட்டுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கிற எல்லையும் லீட்டருக்கு 50 மில்லிகிராம்தான். புட்டிப்பால் குடிக்கிற கைக்குழந்தைக்கு அதற்கு மேற்பட்ட தண்ணீர் ஆபத்து. கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது, தண்ணீர் வற்றுவதால் செறிவு கூடும். உங்கள் கிணறு தோட்டத்துக்குள் இருந்து, வீட்டில் கைக்குழந்தையும் இருந்தால், தொட்டிக்கு முன் குழந்தைக்காகச் சோதியுங்கள்.

தண்ணீருக்கு நான் செய்தது மழைநீர்க் கலப்பு. மாரி தொடங்கினால் தகரக் கூரைப் பீலியின் கீழ் ஒரு பரல். முதல் இரண்டு மூன்று மழையைப் பிடிக்காதீர்கள்; கோடை முழுக்கக் கூரையில் கிடந்த தூசியும் பறவை எச்சமும் அதில்தான் வரும். பரல் சாப்பாட்டுச் சாமான் வந்ததாக இருக்கட்டும். மருந்து வந்த கலன் எத்தனை தரம் கழுவினாலும் வேண்டாம். வாய்க்கு நுளம்பு வலைத் துணியை இறுக்கிக் கட்டுங்கள், டெங்கு பொல்லாதது. மழைத் தண்ணீரைத் தனியாக ஊற்றவும் கூடாது. அதில் சுண்ணாம்பு உப்புகள் இல்லை. கப்பிக்கும் மொலிக்கும் கொஞ்சம் வன்மையான தண்ணீர்தான் ஒத்துவரும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கேத்திலில் வெள்ளையாகப் படிகிற தண்ணீர், ஆகவே பாதி கிணறு, பாதி மழை என்று கலக்கிறேன். கிழமைக்கு ஒருதரம், தொட்டியில் கால்வாசி. அதற்கு மேல் இல்லை.

கோடையில் பரல் காய்ந்துவிடும். குடிதண்ணீருக்காக ஆர்.ஓ. சுத்திகரிப்பு நிலையம் வைத்திருக்கிற ஊர்களில் கிழமைக்கு ஒரு சின்னக் கலன் எடுத்துக் கலக்கலாம். ஆனால் வரிசையில் குடிக்கத் தண்ணீர் எடுக்க ஆட்கள் நிற்கும்போது மீனுக்கென்று நான் எடுப்பதில்லை. அந்த மாதங்களில் தண்ணீர் மாற்றுவதைக் குறைத்து, செடிகளைக் கூட்டுகிறேன். குழாய்த் தண்ணீர் வருகிற வீடுகள், அல்லது வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுக்குக் குளோரின் போட்ட வீடுகள், தண்ணீரை அகன்ற வாளியில் ஒருநாள் முழுக்கத் திறந்து வைத்தபின் ஊற்றுங்கள்.

செடி என்று நான் சொல்வது கடைச் செடி மட்டும் இல்லை. வாய்க்காலில் இழுபடுகிற ஹைட்ரில்லா எவ்வளவு வேகமாக வளருமோ அவ்வளவு நைட்ரேட்டை உறிஞ்சும். பாசிக்குப் போகிற சாப்பாட்டை அதுவே முந்தித் தின்றுவிடும். குளத்துக் கொட்டியும் தொட்டியில் வடிவாக வரும், ஆனால் மெதுவாகத்தான் வளரும். வெளியிலிருந்து எடுத்த செடியை உடனே தொட்டியில் போட வேண்டாம். ஒரு பேசினில் ஒரு கிழமை வைத்து, தண்ணீரை மாற்றி மாற்றிப் பாருங்கள். அட்டையும் தும்பிக் குஞ்சுகளும் வெளியே வரும். தும்பிக் குஞ்சு மீன்குஞ்சைப் பிடித்துத் தின்னும். வளர்ந்து கூடிய செடியைக் கிள்ளி எறியும்போது வாய்க்காலிலோ குளத்திலோ எறியாதீர்கள். வெயிலில் காயவிட்டுத் தென்னைக்குத் தாழுங்கள். 1939இல் பாட ஆய்வுக்கென்று கொழும்புக்குக் கொண்டுவந்த சல்வீனியா என்கிற மிதக்கும் களைதான் இன்று இத்தனை குளங்களை மூடிக் கிடக்கிறது.

வெளிச்சத்தைத் திருத்துவது இலகு, காசும் இல்லை. தொட்டியை யன்னலை விட்டு அசைக்க எனக்கு இடம் இருக்கவில்லை. பாவாடை லைனிங்குக்கு வைத்திருந்த கறுப்புத் துணியில் ஒரு உறை தைத்து, பின்பக்கத்தையும் யன்னல் பக்கத்தையும் மூடினேன். வெயில் நேரே படுவது நின்றது. மேலே இருக்கிற எல்.ஈ.டி. விளக்கு பிற்பகல் 2 மணிக்கு எரிந்து இரவு 8 மணிக்கு அணையும், மகன் பள்ளிக்கூடத்தால் வந்து பார்க்கிற நேரம் அது. ஒரு நாளைக்கு 6 மணித்தியாலம். பாசி அடங்கியபின் 8 மட்டும் கூட்டலாம். முந்தி விடிய எழும்பினால் போட்டு, படுக்கப் போகும்போதுதான் அணைப்போம்.

தீனி விசயத்தில் பிள்ளையோடு கதைக்க வேண்டியிருந்தது. போகவர ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டிருந்தான். இப்போது ஒரு சட்டைப் பொத்தானில் கொள்ளுகிற அளவு, நாளுக்கு ஒருதரம். இரண்டு நிமிடத்தில் மீன் தின்று முடிக்காத தீனி முழுக்கப் பாசிக்குத்தான் போகும். வெள்ளிக்கிழமை வீட்டில் மரக்கறி, மீன்களுக்கு விரதம்.

வடிகட்டிப் பஞ்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தப் பஞ்சில் குடியிருக்கிற பக்டீரியாதான் மீன் கழிவின் அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகிறது. அதைச் சவர்க்காரத்தாலோ குளோரின் தண்ணீராலோ கழுவினால் அந்தக் குடும்பம் முழுக்கச் செத்துவிடும். தொட்டியில் எடுத்த தண்ணீரை வாளியில் விட்டு அதில் பிழிந்தால் போதும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் இருந்தோமே, அப்போது பக்கத்து வீட்டுத் தொட்டியில் வடிகட்டி நின்று, பஞ்சு மூச்சு முட்டிச் செத்து, மின்சாரம் வந்தவுடன் அந்த நாற்றத் தண்ணீரைத் தொட்டிக்குள் தள்ளியது. மூன்று மீன் போனது, பிறகு பச்சைத் தண்ணீர். கனநேரம் மின்சாரம் போகும் என்று தெரிந்தால் பஞ்சைக் கழற்றி, ஒரு தட்டில் தொட்டித் தண்ணீர் கொஞ்சம் விட்டுக் காற்றுப் பட வையுங்கள். தொட்டித் தண்ணீரை இடைக்கிடை ஒரு கோப்பையால் அள்ளி உயரத்திலிருந்து ஊற்றிவிடுங்கள்.

இவ்வளவும் பாசி திரும்பி வராமல் இருக்க. ஏற்கெனவே இருக்கிறதை அகற்றத்தான் இனி வருவது.

பச்சைத் தண்ணீருக்கும் நீலப்பச்சைக்கும் இருட்டு நல்ல மருந்து. நீலப்பச்சை என்றால் முதலில் மெல்லிய குழாயால் அந்தத் தாளை முழுக்க உறிஞ்சி வெளியே எடுங்கள். மூன்றிலொரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். விளக்கை அணைத்து, தொட்டியைக் கம்பளியால் அல்லது இரட்டைக் கறுப்புத் துணியால் சுற்றி, முழுதாக 3 நாள் விடுங்கள். தீனி வேண்டாம். காற்று மோட்டர் நிற்கக் கூடாது. ஒளித்துத் திறந்து பார்க்கவும் கூடாது, இதைப் பிள்ளைக்கு விளங்கப்படுத்துவதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. நாலாம் நாள் திறந்தவுடன் பாதித் தண்ணீரை மாற்றுங்கள். செத்த பாசி அழுகினால் அமோனியா வரும். நீலப்பச்சைக்கு அதோடு வடிகட்டியின் வாயைத் திருப்பி, அந்த மூலைக்கும் ஓட்டம் போகச் செய்ய வேண்டும். இது பக்டீரியா என்றபடியால் மனிசருக்குத் தருகிற அன்ரிபயோட்டிக் குளிசையைக் கரைத்துப் போடச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். பஞ்சில் இருக்கிற நல்ல பக்டீரியாவும் போகும், மருந்துக்கு மசியாத கிருமிகளும் உருவாகும்.

கருந்தாடிக்கு ஹைட்ரஜன் பெரொக்சைட். பாமசியில் கேட்டால் புண் கழுவுகிற போத்தல் தருவார்கள். 3 சதவீதம்தானா என்று சீட்டைப் பாருங்கள். 6 சதவீதம் என்றால் அதே அளவு நல்ல தண்ணீர் சேர்த்துப் பாதியாக்குங்கள். கழற்றக்கூடிய குழாய், கல் எல்லாவற்றையும் வெளியே எடுத்து 5 நிமிடம் அதில் ஊறவிட்டுக் கழுவுங்கள். கழற்ற முடியாததற்கு ஊசி இல்லாத சிரிஞ்ச். முதலில் உங்கள் தொட்டியில் உண்மையில் எத்தனை லீட்டர் நிற்கிறது என்று கணக்குப் பாருங்கள். என்னுடையது 60, 30, 30 சென்ரிமீற்றர்; பெருக்கி 1000ஆல் பிரித்தால் 54 லீட்டர். கல்லையும் மேல் இடைவெளியையும் கழித்தால் 45 அளவில். 4 லீட்டருக்கு 1 மில்லி என்று, ஒரு நாளைக்கு 10 மில்லிக்கு மேல் நான் விடவில்லை. வடிகட்டியை நிறுத்தி, குஞ்சத்துக்கு மேலேயே மெதுவாகச் சிந்தி, 10 நிமிடம் விட்டுத் திரும்பப் போட்டேன். மூன்று நாள் செய்தேன். குஞ்சம் இளஞ்சிவப்பாகி வெளிறியது. மொலிகள் வந்து கொத்தித் தின்றன. இறால் வளர்க்கிறவர்கள் இதைத் தொட்டிக்குள் விட வேண்டாம். மோசமாகப் பிடித்த இலைகளை வெட்டி எறிவதுதான் நல்லது.

விவசாய வீடுகளில் துருசு இருக்கும். வயல் பாசிக்குப் போடுவதுதானே என்று ஒரு துகள்கூடத் தொட்டியில் போடாதீர்கள். துருசில் இருக்கிற செம்பு நத்தையையும் இறாலையும் முதலில் கொல்லும், பிறகு மீனை. படிகாரமும் வேண்டாம், தண்ணீரைப் புளிக்க வைக்கும். தேத்தாங்கொட்டை உரைத்து விடச் சொல்லி அம்மம்மா சொன்னா. சேற்றைப் படிய வைக்க அது அருமையான சாமான், ஆனால் பாசியின் சாப்பாடு தண்ணீரில் கரைந்து கிடக்கிறது, கொட்டைக்கு அது பிடிபடாது.

பாசி தின்னும் என்று கடையில் சக்கர் மீனைத் தருவார்கள். விரல் நீளத்தில் வாங்குவது ஒரு அடிக்கு மேல் வளரும். 2 அடித் தொட்டியில் அது திரும்பவே இடம் இருக்காது, அதன் கழிவே பாசிக்குப் பசளை. வளர்ந்தபின் கொண்டுபோய்க் குளத்தில் விடுகிறார்கள். அது குளத்து மீனுக்கும் வலை போடுகிறவர்களுக்கும் செய்கிற அநியாயம். மொலியும், செடியோடு வந்த சின்ன நத்தைகளும் மெல்லிய பச்சையை மேய்ந்துகொள்ளும். அதற்கு மேல் அவற்றிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

சனிக்கிழமை தண்ணீர் மாற்றும்போது மகன் பட்டித் தாளைத் தோய்த்து ஒரு பழைய கொப்பியில் எழுதுகிறான். நீங்களும் எழுதுங்கள், போன மாதம் எப்படி இருந்தது என்று ஞாபகத்தில் நிற்காது. நூல்பாசியை அளக்க அவன் தானே ஒரு அளவு வைத்திருக்கிறான், எத்தனை ஈர்க்கில் சுற்றி எடுத்தோம் என்று. தொடக்கத்தில் ஒன்பது ஈர்க்கு என்று ஒரு பக்கம் இருக்கிறது. போன சனி எழுதியது: கிணறு 50, பரல் 0, தொட்டி 20, ஈர்க்கு அரை.